சீனியாரிட்டிப்படி ஒரு ட்யூனர் கார்டு

டிவியில் வருவதைப் பதிவு செய்யக் கம்ப்யூட்டரில் ஒரு ட்யூனர் கார்டு பொருத்துவது சாதாரண மனிதர்களுக்குச் சாதாரண வேலை. அரசு அலுவலகக் கண்காணிப்பாளரைக் கட்டிக்கொண்டு கறம்பக்குடியில் குடித்தனம் செய்பவளுக்கு அப்படி இல்லை.

ஒரு சேனலின் சமையல் நிகழ்ச்சிக்காரர்கள் வந்து, நான் செய்த மீமிசல் கணவாய் மீன் தொக்கைப் படம் பிடித்துக்கொண்டு போனார்கள். வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு ஒரே தடவைதான் போடுவோம், சிடி கேட்கக் கூடாது என்று கறாராகச் சொல்லிவிட்டார்கள். எனக்கோ அது பத்திரமாக வேண்டும். "கான்வென்ட்டுல படிச்சவுகளுக்கு இங்கிலீஷ்ல கோவிக்கத் தெரியும், கொழம்பு வைக்கத் தெரியாது" என்று கல்யாணமான நாளாகச் சொல்லிவரும் நாத்தனார் அன்புமொழி அடுத்த தெருவில்தான் இருக்கிறாள். அவள் வாயைத் திறக்கும்போதெல்லாம் போட்டுக் காட்ட வேண்டாமா?

"கேபிள் தங்கமுத்துகிட்டச் சொன்னா அவரே ரெக்கார்டு பண்ணித் தந்துருவாருங்க" என்றேன்.

என் வீட்டுக்காரர் ரகுநாத் கண்ணாடியைக் கழற்றினார். அப்படியென்றால் கோப்பு திறக்கப்பட்டுவிட்டது என்று பொருள். "தனிநபரை நம்பக் கூடாது சுகுணா. முறைப்படி ஒரு கார்டு தேர்வு செய்வோம்."

புதுக்கோட்டைக்குப் பஸ் ஏறினோம். கம்ப்யூட்டர் கடை சேரன் பெட்டிகளைப் பரப்பினார். "உள்ள மாட்டுறதும் இருக்கு சார், வெளிய யுஎஸ்பில சொருகுறதும் இருக்கு."

"வெளிய சொருகுறது தற்காலிகம். பொறுப்பா இருக்காது. நிரந்தரப் பணியிடம்னா உள்ளதான்."

"இதுல எஃப்எம் ரேடியோவும் எடுக்கும் சார்."

"கூடுதல் பொறுப்பு குடுத்தா ரெண்டு வேலையும் கெடும்."

சேரன் பரிதாபமாக என்னைப் பார்த்தார். நான் மின்விசிறியைப் பார்த்தேன்.

"அப்ப இதை எடுத்துக்கங்க. போன வாரம் வந்த மாடல். படம் பளிச்சுன்னு இருக்கும்."

"அங்கிட்டு மேல தூசியோட ஒண்ணு இருக்கே, அது எப்ப வந்துச்சு?"

"கடை தொறந்தப்ப வந்துச்சு சார். யாருமே கேக்கலை."

"அப்ப அதுதான் சீனியர். போன வாரம் சேந்தது அதைத் தாண்டிப் போகலாமா? நாளைக்குக் கேஸ் போட்டா யாரு பதில் சொல்றது?"

"கார்டு எங்கங்க கேஸ் போடப்போகுது?"

"முன்னுதாரணமாயிரும் சுகுணா."

சேரன் ஸ்டூலில் ஏறிய வேகத்தைப் பார்த்திருக்க வேண்டும். பல்லாண்டுகள் அடக்கத்துடன் காத்திருந்த கார்டு தூசி தட்டப்பட்டு, பதவி உயர்வில் எங்கள் வீட்டுக்கு வந்தது.

சும்மா சொல்லக் கூடாது, வேலை செய்தது. பதிவு செய்து பார்த்த செய்தியில் வாசிப்பவரின் பொட்டுகூடத் தெளிவாக இருந்தது. அதோடு விட்டிருக்கலாம். திறப்பு விழா நடத்தாத எதுவும் இயங்கத் தொடங்கியதாகக் கருதப்பட மாட்டாது என்று என் வீட்டுக்காரர் கருதினார்.

வெள்ளிக்கிழமை மூன்று மணிக்கு அவருடைய அலுவலகம் முழுவதும் எங்கள் ஹாலில் கேசரி சாப்பிட்டுக்கொண்டிருந்தது. கம்ப்யூட்டருக்கு ரிப்பன் கட்டியிருந்தது. சிறப்பு விருந்தினர், கேபிள் தங்கமுத்து. ரிப்பனை வெட்டி, பதிவு பட்டனை அழுத்தி, வீட்டுக்காரர் தலைமையுரையைத் தொடங்கினார். ஊரில் கரண்ட் போனது. எங்கள் வீட்டில் இன்வெர்ட்டர் இருப்பதால் எல்லாம் ஓடியது. திரை மட்டும் நீலமாகிவிட்டது.

தங்கமுத்து துள்ளி எழுந்தார். "சார், கேபிள் ரூம்ல ஜெனரேட்டரை நான் போயித்தான் போடணும்!"

"சிறப்பு விருந்தினர் பாதியில எந்திரிக்கக் கூடாது. ஒங்க வாழ்த்துரை பாக்கி இருக்கு."

"படமே வராது சார்!"

"நிகழ்ச்சி நிரல் அச்சாயிருச்சுங்க."

"அவரை விடுங்க!" என்று கத்தினேன். பிறகு ஆங்கிலத்திலும் கத்தினேன். எனக்கு நன்றியுரையில் நேரம் ஒதுக்கப்பட்டிருப்பதாகப் பதில் வந்தது.

நன்றியுரை முடிந்ததும் கரண்ட் வந்தது. என் நிகழ்ச்சி போய்விட்டது. அரை மணி நேர நீலத்தை வீட்டுக்காரர் ஓட்டிப் பார்த்தார். "ஒரு கோடு இருக்கா? ஒரு புள்ளி இருக்கா? சீனியர் சீனியர்தான்."

அழலாமா, அடிக்கலாமா என்று யோசித்துக்கொண்டு நின்றேன். எதிர்வீட்டு அமிர்தவல்லி உள்ளே வந்தார். "டிவில பாத்தேங்க. பிரமாதம்! அந்தச் சேலை ஒங்களுக்கு எடுப்பா இருந்துச்சு."

ஊரில் ஒரு டிவிகூட ஓடாத அரை மணி நேரம் அது. "தேங்க்ஸ்ங்க" என்றேன்.

அடுத்து போன் அடித்தது. அன்புமொழி.

"அண்ணி, பாத்தேன். உப்பு கூடிப்போச்சு."

எனக்கு வந்ததே ஆத்திரம்! "ஒரே ஒரு ஸ்பூன்தான்டி போட்டேன்!"

"குமிச்சுல்ல போட்டீக? நான்தான் கண்ணால பாத்தேனே."

"தலைதட்டித்தான் போட்டேன். நல்லாப் பாத்தியா நீ?"

"தட்டுனதைக் காட்டவே இல்லையே அண்ணி!"

"காட்டலையா? அந்தக் கேமராக்காரனை என்ன செஞ்சா தேவலை?" என்றேன். அவளும் ஆமாம் என்றாள். அதற்கப்புறம் வெகுநேரம், இருவரும் சேர்ந்து அவனைத் திட்டிக்கொண்டிருந்தோம்.