விழ அனுமதி கேட்ட கரடி

ஒரு காட்டில் கடம்பன் என்றொரு கரடி இருந்தது. ஒரு காலத்தில் அது ஹெவிவெயிட் குத்துச்சண்டைச் சாம்பியன். இப்போது முன்னாள் சாம்பியன். அதாவது, முன்பு அதைக் கண்டு ஓடியவர்கள் எல்லாம் இப்போது அதன் தோளில் கை போட்டுப் படம் எடுத்துக்கொண்டார்கள்.

அந்தக் காட்டில் ஒரு நல்ல வழக்கம் இருந்தது. ஆண்டுக்கு ஒருமுறை, மழைக்காலத்துக்கு முன், நடப்புச் சாம்பியன் பழைய சாம்பியனோடு மோதியாக வேண்டும். பழையவருக்கு மரியாதை செய்வதற்காக ஏற்பட்ட வழக்கம் அது. அந்த மரியாதை வேண்டாம் என்பவர் மதிப்பீட்டுக் குழுவின் முன் வந்து, தம்மிடம் ஒரு பலவீனமாவது இருப்பதை நிரூபிக்க வேண்டும். ஒன்றே ஒன்று போதும். குழு தாராள மனம் படைத்தது.

ஆனால் சாட்சி சொல்ல வேண்டியவர்கள் அவரோடு மேடையில் மோதியவர்கள் மட்டுமே. அடித்தவரின் பலமும் பலவீனமும் அடி வாங்கியவருக்குத்தானே தெரியும்? இதைவிட நியாயமான ஏற்பாடு வேறு எந்தக் காட்டிலும் கிடையாது என்று அந்தக் காட்டிலேயே பேசிக்கொண்டார்கள்.

கடம்பனுக்கு இந்த முறை மரியாதை வேண்டாம் என்று தோன்றியது. அதன் இடது காதுக்குள் பகலிலும் சில்வண்டு கத்தியது. வலது முழங்கால் நினைத்தபோது மடங்கியது. வைத்தியர் கொக்கு காதுக்குள் எட்டிப் பார்த்துவிட்டு, "இனிமே தலையில அடி படக் கூடாது கடம்பா. பட்டா உனக்கு வீட்டுக்கு வழி தெரியாது" என்று சொல்லியிருந்தது. அன்று காலையில்கூட கடம்பன் முள்ளம்பன்றியின் வளை வாசலில் நின்று தன் மனைவியைக் கூப்பிட்டுக்கொண்டிருந்தது. மனைவி சிறுத்தாயி வந்துதான் கையைப் பிடித்து அழைத்துப் போனாள்.

"குழுகிட்ட போய் உள்ளதை உள்ளபடி சொல்லுங்க. சாம்பியனா இருந்தவராச்சேன்னு வெட்கப்பட்டுக்கிட்டு நிக்காதீங்க" என்றாள்.

பாறை நிழலில் குழு கூடியது. தலைவர் நரி. அது குத்துச்சண்டை மேடையில் ஒருமுறைகூட ஏறியதில்லை. அதனால் அதன் கருத்துகளில் தழும்பு எதுவும் கிடையாது.

"சொல்லுங்க கடம்பன், என்ன பலவீனம்?"

"முழங்கால், ஐயா. நிக்கும்போதே மடங்கிப்போகுது."

நரி முதல் சாட்சியைப் பார்த்தது. முதல் சாட்சி காட்டுப்பன்றி. முன்பொரு நாள் கடம்பனிடம் முதல் சுற்றிலேயே தோற்றது. அந்தத் தோல்வியைச் சொல்லிச் சொல்லியே ஊருக்குள் பெரிய மனிதராகிவிட்டது. முன்வரிசையில் அதன் மனைவியும் குட்டிகளும் அமர்ந்திருந்தார்கள்.

"முழங்காலா?" என்று காட்டுப்பன்றி சிரித்தது. "முழங்காலை மடக்கிக் குனிஞ்சு கீழேயிருந்து ஒண்ணு விடுவார் பாருங்க, அது கை இல்லீங்க, மலைச்சரிவு. நானா இருந்ததால உசுரோட வந்தேன்."

கடம்பனுக்கு ஒன்றும் புரியவில்லை. "தம்பி, நான் உன்னைத் தொடவே இல்லையே. நீயே வழுக்கித்தானே விழுந்தே?"

பன்றியின் மனைவி பன்றியைப் பார்த்தாள்.

"கேட்டீங்களா!" என்று பன்றி கத்தியது. "அடிச்சது அவருக்கே தெரியலை! அவ்வளவு வேகம்!"

எல்லோரும் கைதட்டினார்கள். முழங்கால் பலத்தில் சேர்ந்தது.

அடுத்த சாட்சி கழுதைப்புலி. அதுவும் கடம்பனிடம் தோற்றதுதான். தோற்றபின் நடுவராகிவிட்டது.

"இடது கண்ணு மங்கலா இருக்கு. அன்னைக்கே அப்படித்தான். நீ எங்கே நிக்கிறேன்னு தெரியாமத்தான் கையை வீசினேன்" என்று கடம்பன் அதனிடம் கெஞ்சாத குறையாகச் சொன்னது. "நீயாவது உண்மையைச் சொல்லுப்பா."

கழுதைப்புலி குழுவின் பக்கம் திரும்பியது. "கண்ணு தெரியாமலே என்னை மூணு நாள் படுக்க வெச்சாரு. கண்ணு தெரிஞ்சிருந்தா என் கதி என்ன? நீங்களே சொல்லுங்க."

கண்ணும் பலத்தில் சேர்ந்தது.

கடம்பனுக்கு ஒரே ஒரு நம்பிக்கை மிச்சமிருந்தது. காட்டெருது இடும்பன். இப்போதைய சாம்பியன். கடம்பனை வீழ்த்திப் பட்டம் பிடித்தவன் அவன்தான். தோற்றவர்கள் பெருமைக்குப் பேசுவார்கள். ஜெயித்தவனுக்கு எதற்குப் பொய்? கடம்பனின் கால் அன்று தானாகவே மடங்கியதை அவன் கண்ணெதிரே பார்த்தானே!

இடும்பன் எழுந்து கொம்பை ஆட்டினான். "பலவீனமா? பலவீனமான ஆளையா நான் ஜெயிச்சேன்? யார்கிட்ட என்ன பேசறீங்க? இந்தப் பெரியவர் ஒரு புயல். அந்தப் புயலையே அடக்கினவன் நான்."

கடம்பன் கடைசியாக, சொல்லக் கூடாது என்று வைத்திருந்ததையும் சொல்லிவிட்டது. "ஐயா, இன்னைக்குக் காலையில என் வீடே எனக்கு அடையாளம் தெரியலை."

நரி கண்ணை மூடிக்கொண்டது. பிறகு உருகிப்போய்ச் சொன்னது: "அடடா! அடுத்து எங்கே போவார்னு அவருக்கே தெரியாது. அப்புறம் எதிராளிக்கு எப்படித் தெரியும்? இதைவிடப் பெரிய உத்தி உண்டா?"

தீர்ப்பு வந்தது. கடம்பனிடம் பலங்கள் எண்ணற்றவை. பலவீனம் ஒன்றே ஒன்று, மிகுந்த தன்னடக்கம். கொஞ்சம் விவாதித்துவிட்டு அதையும் பலத்தில் சேர்த்தார்கள்.

வீடு திரும்பும் வழியில் சிறுத்தாயி கணவரின் கையைப் பிடித்துக்கொண்டாள். பிறகு சொன்னாள்: "ஒண்ணு பண்ணுங்க. அவன் கையை ஓங்கினதும் விழுந்துடுங்க. படுத்துக் கிடக்கிறவரை யாரும் அடிக்க மாட்டாங்க."

தன் வாழ்நாளில் எந்தப் பயிற்சியாளரும் இவ்வளவு நல்ல யோசனை சொன்னதில்லை என்று கடம்பன் நினைத்துக்கொண்டது.

போட்டி நாளும் வந்தது. மணி அடித்தது. இடும்பனின் கை கடம்பனின் தோளை உரசியது. கடம்பன் அப்படியே சரிந்து, மல்லாந்து, கண்ணை மூடிக்கொண்டது. தரை குளிர்ச்சியாக, நன்றாக இருந்தது. நடுவர் பத்து வரை எண்ணிவிட்டால் போதும். அதன்பின் வீடு, தேன், சிறுத்தாயி.

"ஒன்று" என்றது நடுவர் கழுதைப்புலி. பிறகு வெகுநேரம் ஒன்றும் சொல்லவில்லை.

"எண்ணுப்பா" என்றது கடம்பன், கண்ணைத் திறக்காமல்.

"எப்படிண்ணே எண்ணுவேன்?" கழுதைப்புலி குனிந்து கிசுகிசுத்தது. "இந்தத் தட்டுக்கே நீங்க விழுந்தா, உங்ககிட்ட விழுந்த நான் யாரு? பையனுக்குப் பொண்ணு பேசிக்கிட்டிருக்கேன். கொஞ்சம் நினைச்சுப் பாருங்க." நிமிர்ந்து, "இரண்டு" என்றது. கண்ணில் தூசி விழுந்துவிட்டதாகச் சொல்லி மறுபடி ஒன்றிலிருந்து தொடங்கியது.

அதற்குள் காட்டுப்பன்றி கயிற்றைத் தாண்டி உள்ளே குதித்தது. "அண்ணே, எழுந்திருங்க! என் பொண்டாட்டி பார்த்துக்கிட்டிருக்கா!"

இடும்பனும் பதறிப்போய் மண்டியிட்டான். "பெரியவரே, நான் சும்மா தொட்டுத்தான் பார்த்தேன். இப்படி விழுந்தா என் பட்டத்தை நாளைக்கு யார் மதிப்பாங்க? கடைசிச் சுற்று வரைக்கும் நில்லுங்க, புண்ணியமாப் போகும்."

"எனக்கு விழணும்பா" என்றது கடம்பன்.

யாரும் கேட்கவில்லை. பன்றி ஒரு கக்கத்தில் கை கொடுத்தது. பழைய காலத்தில் தோற்ற இன்னும் நாலைந்து பேர் ஓடிவந்து மறு கக்கத்தையும் முதுகையும் தாங்கினார்கள். கழுதைப்புலி முழங்காலைப் பின்னாலிருந்து முட்டுக் கொடுத்தது. இடும்பன் நிம்மதியாக அடிக்கத் தொடங்கினான்.

"விடுங்கடா அவரை!" என்று சிறுத்தாயி அலறினாள். கணவருக்கு உற்சாகம் ஊட்டுகிறாள் என்று பக்கத்தில் இருந்தவர்களும் சேர்ந்து கத்தினார்கள். நரி ஒலிபெருக்கியில், "தங்களை வென்றவருக்குத் தோற்றவர்களே தோள் கொடுக்கிறார்கள்! இந்தக் காட்சியைக் காண என்ன தவம் செய்தோம்!" என்று தழுதழுத்தது.

கடைசிச் சுற்று வரை கடம்பன் விழவேயில்லை. விழ இடமில்லை.

முடிவில் போட்டி சமன் என்று அறிவிக்கப்பட்டது. சமனில் முடிந்தால் மறுபோட்டி உண்டு என்பதும் அந்தக் காட்டின் நல்ல வழக்கங்களில் ஒன்று. தாங்கிப் பிடித்தவர்கள் கைகளை எடுத்தார்கள். கடம்பன் எல்லோரையும் பார்த்து மரியாதையாகச் சிரித்தது. மேடையை விட்டு இறங்கியது. "இந்தப் பக்கம் வாங்க" என்று கை நீட்டிய சிறுத்தாயிக்கு ஒரு வணக்கம் வைத்துவிட்டு, நேராக இடும்பனின் வீட்டை நோக்கி நடந்தது.

"பார்த்தீர்களா!" என்று காடே ஆரவாரித்தது. "மறுபோட்டிக்கு இப்போதே சவால் விடப் போகிறார்!"

நீதி: யாரையும் தோற்கடித்துவிடாதீர்கள். தோற்றவர்கள் அதன்பின் உங்களைக் கீழே விழ விடமாட்டார்கள்.