காத்தாயி கண்ணீர்ச் சட்டம்

ஏரிக்கு மேற்கே நாணற்கரை நாடும் கிழக்கே வேலங்காடு நாடும் இருந்தன. ஏரி ஒன்று, மதகு இரண்டு, சண்டைக்குக் கணக்கில்லை. படையெடுத்துப் படையெடுத்து இரண்டு நாடுகளும் சலித்துப்போன காலத்தில், இனிமேல் வெட்டிக்கொள்ள வேண்டாம், ஆண்டுக்கொருமுறை சடுகுடு ஆடித் தீர்த்துக்கொள்வோம் என்று ஒப்பந்தம் செய்துகொண்டன. வென்ற நாட்டின் மதகு முதலில் திறக்கும். அதன் வயல்கள் நிரம்பிய பிறகு ஏதாவது மிஞ்சினால் தோற்ற நாட்டுக்கு. அதனால் அந்த நாடுகளில் ஏர் பிடிக்கத் தெரியாதவன்கூட உண்டு, மூச்சுப் பிடிக்கத் தெரியாதவன் கிடையாது.

நாணற்கரைக்கு ஒரு காலத்தில் சடையனும் தவசியும் ஆடினார்கள். தவசியைக் கையைப் பிடித்து ஆட்டத்துக்கு அழைத்து வந்தவனே சடையன்தான். இருவரும் ஒன்றாகச் சாப்பிடுவார்கள், ஒன்றாகப் பயிற்சி செய்வார்கள். ஓர் ஆண்டு ஆட்டம் வென்ற சாயங்காலம், கள்ளுக்கடை வாசலில், கடைசி ஆளைத் தொட்டது நீயா நானா என்று பேச்சு வந்தது. பேச்சு கைகலப்பானது. கையில் அகப்பட்ட தடியால் தவசி ஓங்கி அடித்தான். சடையன் விழுந்தவன் விழுந்தவன்தான். தவசி ஓடவில்லை. காவலர்கள் வரும்வரை பிணத்தின் பக்கத்திலேயே உட்கார்ந்திருந்தான். கல்லுடைக்கும் சிறையில் ஒன்பது ஆண்டுகள் என்று தீர்ப்பானது. ஒருநாளும் குறையாமல் உடைத்துவிட்டு வந்தான்.

சடையனின் மனைவி காத்தாயி. அவளுடைய நிலம் கடைமடையில் இருந்தது. வாய்க்கால் தண்ணீர் ஊரையெல்லாம் சுற்றிவிட்டுக் கடைசியாக வந்து சேரும் இடம். நாடு வென்ற ஆண்டில் அவளுக்கு நெல் உண்டு, தோற்ற ஆண்டில் புழுதி.

தவசி விடுதலையாகி வந்து ஆட்டக்களத்தின் வேலியோரம் நிற்கிறான் என்று பக்கத்து வீட்டுப் பட்டம்மா வந்து சொன்னபோது காத்தாயி அரிசி புடைத்துக்கொண்டிருந்தாள். முறத்தைக் கீழே வைத்தாள்.

"அவன் காலு அந்த மண்ணுல படக் கூடாது" என்றாள்.

அவ்வளவுதான் அவள் சொன்னது. அது எப்படியோ அரண்மனைக்குப் போய்விட்டது.

மறுநாள் மேளதாளத்துடன் ஒழுக்க அமைச்சர் வாகீசனார் அவள் வீட்டு வாசலுக்கு வந்தார். பட்டு உத்தரீயம் மண்ணில் படாமல் ஒரு பணியாள் தூக்கிப் பிடித்துக்கொண்டான்.

"அம்மையீர், தங்கள் கண்ணீர் வீண்போகாது. அதை அரசு ஏற்றுக்கொண்டுவிட்டது."

"என்னாத்தங்க ஏத்துக்கிட்டீங்க?"

"கண்ணீரை. இன்றுமுதல் அது நாட்டுடைமை."

இப்படித்தான் காத்தாயி கண்ணீர்ச் சட்டம் பிறந்தது. சிறைத் தண்டனை பெற்ற எவரும் களத்தில் கால் வைக்கக் கூடாது என்றது சட்டம். உள்ளதைச் சொல்ல வேண்டும்: அன்றைக்குக் காத்தாயிக்கு வயிறு குளிரத்தான் செய்தது. எங்கோ ஒருவருக்குச் சடையனின் நினைவு இருக்கிறதே என்று, பல நாட்களுக்குப் பிறகு வயிறாரச் சாப்பிட்டாள்.

ஆனால் அரசாங்கம் ஒரு நல்ல காரியத்தைத் தொடங்கினால் இலேசில் நிறுத்தாது. சடுகுடு தொட்டுப் பிடித்து ஆடும் ஆட்டம் ஆயிற்றே, தவசியோடு முன்பு ஆடியவர்கள் உடம்பிலும் அவனுடைய குற்றம் ஒட்டியிருக்குமல்லவா என்று அமைச்சருக்கு ஐயம் வந்தது. அனுபவமுள்ள ஆட்டக்காரர்கள் அத்தனை பேரும் வெளியேற்றப்பட்டார்கள். மீசை முளைக்காதவர்கள் களத்தில் இறங்கினார்கள். நாணற்கரை தோற்றது. காத்தாயியின் நிலத்தில் எலி ஓடியது.

தோல்விக்குக் காரணம் ஒழுக்கக் குறைவு என்று கண்டுபிடிக்கப்பட்டது. சடுகுடுவில் பிடிபட்டவன் செத்தவன். அவன் கோட்டுக்கு வெளியே போய் உட்கார வேண்டும். அவன் கூட்டாளி எதிராளி ஒருவனைத் தொட்டுவிட்டால் இவனுக்கு உயிர் வந்துவிடும், எழுந்து திரும்ப ஆட வரலாம். ஆட்டம் தோன்றிய நாளிலிருந்து அதுதான் முறை. அமைச்சர் சபையில் எழுந்து தழுதழுத்தார்.

"வீழ்ந்தவன் எழுவதா? அதைக் காணும் காத்தாயி அம்மையாரின் மனம் என்ன பாடுபடும்?"

சபை கண்களைத் துடைத்துக்கொண்டது. நாணற்கரையில் செத்தவன் செத்தவனே என்று சட்டம் வந்தது. வேலங்காட்டுக்காரர்கள் பழைய முறைப்படியே ஆடினார்கள். அவர்கள் செத்துச் செத்துப் பிழைத்தார்கள். நாணற்கரைக்காரர்கள் செத்தால் போய்ச் சேர்ந்தார்கள். அந்த ஆண்டும் தோல்வி. காத்தாயி மாட்டை விற்றாள்.

பிறகு வந்ததுதான் பெரிய சட்டம். காத்தாயி அம்மையாரின் முதல் கண்ணீர்த் துளி விழுந்த பிறகே இனி ஆட்டம் தொடங்க வேண்டும். அதற்காகக் களத்தில் அவளுக்கு ஒரு நாற்காலி போடப்பட்டது. துளியை வெற்றிலையில் ஏந்திப் பார்த்து உறுதிசெய்யக் கண்ணீர் மேற்பார்வையாளர் ஒருவர் நியமிக்கப்பட்டார். அந்த ஆண்டு அவள் அழுவதற்குச் சிரமப்படவில்லை. வரப்பில் நின்று தன் நிலத்தைப் பார்த்துவிட்டு நேராகக் களத்துக்கு வந்திருந்தாள்.

மூன்றாம் முறையும் தோற்ற பிறகு அமைச்சரைப் பார்க்க அவளே அரண்மனைக்குப் போனாள்.

"ஐயா, வயலு வெடிச்சுக் கெடக்குதுங்க."

"தங்கள் துயரத்துக்கு இந்த நாடே தலைவணங்குகிறது, அம்மையீர்."

"தலைவணங்க வேணாங்க. தண்ணி விட்டாப் போதும்."

"தண்ணீர் வெற்றியைப் பொறுத்தது."

"அப்ப ஆடத் தெரிஞ்சவன ஆட விடுங்க."

அமைச்சர் சாய்ந்திருந்தவர் நிமிர்ந்தார். "யாரைச் சொல்கிறீர்கள்?"

"தவசிய."

"அம்மையீர்! தங்கள் கணவரைக் கொன்றவன் அவன்."

"அது எனக்குத் தெரியாதுங்களா? அவன நான் வீட்டுக்கா கூப்புடுறேன்? தொண்டைக்குள்ள ஒரு கல்லு மாதிரிதான் இன்னும் கெடக்குறான். ஆனா ஒம்போது வருசம் கல்லொடச்சிட்டு வந்தவன், மிச்சத்துக்கு வேலியப் புடிச்சிக்கிட்டு நிக்கிறான். அதுல என் வயித்துக்கு என்ன வருது, சொல்லுங்க."

"அது தங்கள் பெயரிலுள்ள சட்டம்தான். தங்கள் கையிலுள்ள சட்டம் அல்ல."

அமைச்சர் மீதும் ஒரு வழக்கு இருந்தது என்பதை இங்கே சொல்லிவிட வேண்டும். பஞ்ச காலத்தில் அரசுக் களஞ்சியத்து நெல்லை ஆற்றுவழியே விற்றார் என்றும், தடுக்க வந்த காவலாளி ஆற்றிலேயே கிடைத்தான் என்றும் வழக்கு. விசாரணையெல்லாம் முடிந்துவிட்டது. தீர்ப்பு வாசிப்பவருக்குத்தான் ஆறு ஆண்டுகளாகத் தொண்டை கட்டியிருந்தது. வாசிக்காத தீர்ப்பு தீர்ப்பாகாது என்பதால் அமைச்சர் மாசற்றவர்.

அடுத்த ஆட்ட நாள் வந்தது. மன்னர் திருமேனியார் மேடையில் அமர்ந்தார். எதிரே வேலங்காட்டு மன்னர். மேற்பார்வையாளர் வெற்றிலையை நீட்டிக்கொண்டு குனிந்தார். காத்தாயி நாற்காலியில் உட்கார்ந்து நேரே பார்த்துக்கொண்டிருந்தாள்.

துளி விழவில்லை.

"அம்மையீர், அழலாம்" என்றார் அமைச்சர்.

"வரலிங்க."

"கணவரை நினைத்துக்கொள்ளுங்கள்."

"அவர நெனச்சிக்கிட்டுத்தான் இருக்கேன். போன தடவ நீங்க தோத்தத அவரு பாத்திருந்தாச் சிரிச்சிருப்பாரு."

வெங்காயம் உரித்துக் கொண்டுவந்தார்கள். மிளகாய்ப் புகை போட்டார்கள். மேற்பார்வையாளர்தான் கண்ணீர் விட்டார், தன் வெற்றிலையிலேயே. அது செல்லாது என்று வேலங்காட்டுக்காரர்கள் மறுத்தார்கள். வெயில் சாயத் தொடங்கியது. ஒப்பந்தப்படி பொழுது சாய்வதற்குள் ஆட்டம் தொடங்காவிட்டால் இரண்டு மதகுகளும் வேலங்காட்டுக்கு.

கூட்டத்தில் ஒருவன் கத்தினான். "ஏ அமைச்சரே, நீங்க அழுங்க. உங்களுக்குத்தான் நெறைய காரணம் இருக்கு."

மன்னர் தாமே இறங்கி வந்தார். "அம்மா, என்ன வேண்டும் உனக்கு?"

"தவசி வந்து கோட்டுல நிக்கட்டும். அப்பறம் வருதான்னு பாக்குறேன்."

"சட்டம் இருக்கிறதே."

"எம் பேருல இருக்குற சட்டந்தான? என் கண்ணு சொல்லுது, இன்னிக்கி வராதுன்னு."

மன்னர் அமைச்சரைப் பார்த்தார். அமைச்சர் சூரியனைப் பார்த்தார். சூரியன் எந்த உதவியும் செய்யவில்லை.

வேலியைத் தாண்டித் தவசி வந்தான். தலை நரைத்துப்போயிருந்தது. கல் சுமந்து ஒரு தோள் இறங்கியிருந்தது. களத்து மண்ணைத் தொட்டு நெற்றியில் வைத்துக்கொண்டான். காத்தாயி இருந்த பக்கம் பார்க்கவில்லை. அவள் அவனுடைய வலது கையைப் பார்த்தாள். சடையனோடு ஒரே தட்டில் சோறு பிசைந்த கை. தடியை எடுத்ததும் அதே கை. கண்ணீர் வந்தது. ஆத்திரமா, துக்கமா, அவளுக்கே பிரித்துப் பார்க்கத் தெரியவில்லை. வெற்றிலைக்கு அந்த வித்தியாசம் தேவைப்படவும் இல்லை.

ஆட்டம் தொடங்கியது.

தவசி பாடிக்கொண்டு போன முதல் தடவையே இருவரைத் தொட்டுத் திரும்பினான். கூட்டம் எழுந்து நின்றது. "கெழட்டுக் குதிர நொண்டும்னு பாத்தா பறக்குதே" என்றான் ஒருவன். ஆனால் குதிரைக்கு வயதானது உண்மை. நடு ஆட்டத்தில் நான்கு பேர் சேர்ந்து அவனை அமுக்கினார்கள். கோட்டுக்கு இந்தப் பக்கம் வர ஒரு சாண் இருக்கும்போது மூச்சு அறுந்தது. தவசி செத்தான். வெளியே போய் முழங்காலைக் கட்டிக்கொண்டு உட்கார்ந்தான். நாணற்கரையின் சட்டப்படி அவனுக்கு அதோடு முடிந்தது.

கொஞ்ச நேரத்தில் நாணற்கரைப் பையன் ஒருவன் எப்படியோ புரண்டு விழுந்து ஒரு வேலங்காட்டானைத் தொட்டுவிட்டான். பழைய பழக்கத்தில் கூட்டம் முழுவதும் தவசியைத் திரும்பிப் பார்த்தது. தவசி அசையவில்லை. நடுவர் அமைச்சரைப் பார்த்தார். வீழ்ந்தவன் எழுந்தால் காத்தாயி அம்மையாரின் மனம் புண்படும் என்பதுதானே சட்டம், ஆகவே எல்லோருமாகக் காத்தாயியைப் பார்த்தார்கள்.

அவள் நாற்காலியை விட்டு எழுந்தாள். களத்தின் ஓரமாகவே நடந்து தவசியின் எதிரில் போய் நின்றாள். அவன் தலையைத் தூக்கவில்லை.

"எங்க வீட்டுக்காரரு எந்திரிக்க மாட்டாரு" என்றாள். பக்கத்தில் இருந்தவர்களுக்கு மட்டும்தான் கேட்டது. "அது ஒனக்கும் தெரியும், எனக்கும் தெரியும். நீ உக்காந்தே கெடந்தா அவரு எந்திரிச்சிருவாரா?"

அவன் தோள்கள் குலுங்கின.

"உசிரு வந்திருச்சுன்னா எந்திரிக்கணும். அதான் ஆட்டம். எந்திரி."

"மதினி..."

"மதினி கிதினின்னு கூப்புடாத. நான் ஒண்ணும் மன்னிச்சிரல. எந்திரி, தண்ணி போயிரும்."

தவசி எழுந்தான்.

அன்று சாயங்காலம் நாணற்கரையின் மதகு திறந்தது. மூன்று நாள் கழித்துக் கடைமடைக்கு நுரையும் சருகுமாகத் தண்ணீர் வந்து சேர்ந்தபோது காத்தாயி வரப்பில் நின்று கால்களை நனைத்துக்கொண்டாள்.

அந்த வெற்றியைப் பார்த்து மன்னரின் உள்ளம் உருகிவிட்டது. இரக்கத்துக்கு இவ்வளவு கைதட்டல் கிடைக்கும் என்று அவருக்கு அதுவரை தெரியாது. கண்ணீர்ச் சட்டத்தை நீக்கி, தவறியவர்களுக்கு மறுவாய்ப்புச் சட்டம் என்று ஒன்றைப் பறையறைந்து அறிவித்தார். நாட்டில் எவர்மீதும் நிலுவையிலுள்ள தண்டனை, இனி வரப்போகும் தண்டனை அனைத்தும் மன்னிக்கப்பட்டன. அன்று மத்தியானமே தீர்ப்பு வாசிப்பவருக்குத் தொண்டை சரியானது. கோயிலில் உட்கார்ந்து உரக்கப் பாடினார் என்று பார்த்தவர்கள் சொன்னார்கள். மறுவாய்ப்பு பெற்ற முதல் குடிமகன் என்ற முறையில் ஒழுக்க அமைச்சர் வாகீசனார் சடுகுடு அணியின் தலைவராக அமர்த்தப்பட்டார்.

அடுத்த ஆண்டுப் பயிற்சி தொடங்கிய காலையில், நாற்று முடிச்சுகளைச் சுமந்துகொண்டு களத்து வழியாகப் போன காத்தாயி, தவசி மறுபடியும் வேலிக்கு வெளியே நிற்பதைக் கண்டாள். உள்ளே அமைச்சர் புது அரைக்கச்சை கட்டிக்கொண்டு மூச்சுப் பிடித்துப் பார்த்துக்கொண்டிருந்தார். மூன்றாவது 'சடுகுடு'வுக்கே இருமல் வந்தது.

"இவன ஏன் நிறுத்தி வச்சிருக்கீங்க?" என்று வாயில் காவலரைக் கேட்டாள்.

காவலர் நல்ல மனிதர். அவருக்கே சங்கடமாக இருந்தது. "புதுச் சட்டப்படி, தப்பு பண்ணவங்கள்ல மன்னிப்பு வாங்கினவங்கதான் ஆடலாம். மன்னிக்க ஏதாச்சும் தண்டன பாக்கி இருக்கணும்மா. இவரு எல்லாத்தையும் அனுபவிச்சுத் தீத்துட்டாரு. மன்னிக்க ஒண்ணுமே இல்ல. ஒண்ணும் இல்லாதவருக்கு மறுவாய்ப்பு எப்படிக் குடுக்குறது?"

காத்தாயி தலைச்சுமையை இறக்கி வைத்தாள். அமைச்சரைப் பார்த்தாள், தவசியைப் பார்த்தாள்.

"அப்ப இவன் இன்னொரு கொல பண்ணிட்டு வந்தா உள்ள விடுவீங்களா?"

"ஐயோ, அப்படிச் சொல்லாதீங்க" என்று தவசி பதறினான்.

காவலர் கடமை தவறாதவர். கேள்வியைச் சட்டத்தோடு ஒத்துப்பார்த்து, நிதானமாக யோசித்துத்தான் பதில் சொன்னார்.

"தீர்ப்பு வர்றதுக்கு முன்னாடி வந்துட்டாருன்னா, விட்டுத்தாம்மா ஆகணும்."