பிஞ்சிலேயே பழம் கொடுப்பவர்

பண்ருட்டிப் பக்கம் மாசி பிறந்ததும் மூன்று விஷயம் தவறாமல் நடக்கும். முந்திரி பூக்கும், மாமரத்தில் அணில் சண்டை போடும், வீட்டுக்கு ஒருவர் பலாப்பிஞ்சைக் கையால் தடவிக்கொண்டு ‘இது ஒனக்குத்தான்’ என்று ஊருக்கெல்லாம் சொல்ல ஆரம்பிப்பார். முதல் இரண்டைப் பற்றி எனக்கு ஒன்றும் தெரியாது. மூன்றாவது ரகம் எங்கள் பக்கத்து வீட்டிலேயே இருக்கிறது.

கஞ்சர் என்று நினைத்துவிடாதீர்கள். நேர்மாறு! கையில் இருப்பதைக் கொடுப்பவன் சாதாரண ஆள். இவர் இன்னும் விளையாததையே கொடுப்பவர். பிஞ்சு கட்டைவிரல் அளவு இருக்கும்போதே பேர் வைத்து விடுவார். அந்த வயசில் மரத்தில் தொங்குவதில் முக்கால்வாசி ஆண் பூ, பத்து நாளில் கறுத்துக் கீழே விழுந்துவிடும் என்பது அவருக்குத் தெரியாதா? தெரியும். ஆனால் சொல்லும்போது அவர் கண்ணில் அப்படி ஒரு ஈரம் இருக்கும் பாருங்கள், கேட்கிறவனுக்கு அப்போதே வாயில் சுளை இனிக்கும்.

பக்கத்து வீட்டுச் சிங்காரத்துக்குக் கொல்லையில் ஒரே மரம். போன மாசி அதில் தேறியது பதினோரு காய். வாக்குக் கொடுத்தது, எனக்குத் தெரிந்தே, நாற்பது பேருக்கு. முன்பெல்லாம் வாயால் சொல்வதோடு நிற்கும். இப்போது போன் வந்துவிட்டதே! ஒரே காயை இடமிருந்து ஒன்று, வலமிருந்து ஒன்று, படுத்துக்கொண்டு கீழிருந்து ஒன்று என்று படம் பிடித்து, ‘உங்கள் பழம் வளர்கிறது’ என்று வாட்ஸ்அப்பில் அனுப்பிவிடுவார்.

“ஏன் மச்சான், இதே காயைத்தானே நேத்து எனக்கு அனுப்புன?” என்று நானே ஒருநாள் கேட்டேன்.

“ஒனக்கு அனுப்புனது அது சின்னதா இருக்கசொல்ல, மச்சான்.”



ஊரார் சிரித்துவிட்டுப் போய்விடுவார்கள். சிதம்பரத்துச் சம்பந்தி வீட்டில் அப்படி முடியுமா? மகள் சிந்துஜாவைக் கட்டிக்கொடுத்த இரண்டு வருஷமும் படம் போனது, பழம் போகவில்லை. மாமியார் தில்லையம்மாள் வாய் சும்மா இருக்குமா? விருந்தாளிகள் எதிரிலேயே, “சிந்துஜா, ஒங்கப்பா அனுப்புன போட்டோவை எடுத்துக் கொட்டை எடும்மா, எல்லாரும் சாப்புடலாம்” என்றாராம். நாத்தனார்கள் இரண்டு பேரும் விழுந்து விழுந்து சிரித்தார்களாம்.

சிந்துஜா அம்மாவுக்குப் போன் போட்டாள். “அம்மா, இந்த வருஷமும் வரலன்னா நான் இந்த வூட்ல எப்படிம்மா தலை நிமிந்து நடக்கறது? அப்பாகிட்ட சொல்லாத. சொன்னா இன்னொரு போட்டோ அனுப்புவாரு.”

அம்மா புஷ்பவள்ளி போனை வைத்துவிட்டு நேரே கொல்லைக்குப் போனாள். அடிமரத்தில் முந்திக்கொண்டு பருத்த காயின் காம்பில் ஒரு நீலக் கயிறு கட்டி, சாக்கைச் சுற்றினாள். அவ்வளவுதான்.

பங்குனிக் கடைசியில் ஒரு காலை, வாசம் தெருவையே தூக்கியது. காய் பழுத்துவிட்டது. அதே நேரம் வாசலில் ஒரு பைக் வந்து நின்றது. கடைத்தெருவில் செல்போன் கடை வைத்திருக்கும் இம்தியாஸ் பாய், கையில் மடித்த பையோடு.

“வாங்க பாய், வாங்க! ஒங்க பழம் பழுத்துடுச்சு! ஒரு வாய் டீ குடிங்க, நானே அறுத்துத் தரேன்!”

கொல்லையில் புஷ்பவள்ளி வேலி மேலாக எட்டி என்னைப் பார்த்தாள். “அண்ணே, சீக்கிரம் ஒரு கோணி எடுத்தா!” கத்தியில் எண்ணெய் தடவி வைத்திருந்தாள். ஒரே வெட்டு. நான் தாங்கிப் பிடித்தேன். என் சட்டையில் ஒட்டிய பால் இன்றுவரை போகவில்லை. டீ ஆறுவதற்குள் அவள் பழத்தோடு என் வீட்டு வழியாக வெளியேறி ஷேர் ஆட்டோவில் ஏறிவிட்டாள், சிதம்பரம் பஸ்ஸைப் பிடிக்க.

சிங்காரம் பாயைக் கொல்லைக்கு அழைத்து வந்தார். காம்பு பால் சொட்டிக்கொண்டிருந்தது. ஒரு நிமிஷம் முழித்தார். ஒரே நிமிஷம்தான்.

“பாய்... ஒங்களுது இது இல்ல. அதோ மேல பாருங்க, அதான்! இதைவிட ஜாஸ்தி இனிப்பு.”

பாய் போனை எடுத்துப் பார்த்தார். “அண்ணே, போட்டோல நீலக் கயிறு இருக்குது. கயிறு இங்கதான் தொங்குது.”

“கயிறு ஒங்களுது பாய். எடுத்துக்குங்க!”

பாய் வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்ததில் பை கீழே விழுந்தது.

மத்தியானம் தில்லையம்மாளிடமிருந்து சிங்காரத்துக்குப் போன் வந்தது. “சம்பந்தி, பழமா அது, தேனு! ஒங்க பொண்ணு மொத சொளைய என் வாயிலயே ஊட்டுனா. இனிமே ஒங்கள ஒன்னும் சொல்ல மாட்டேன்.” பின்னால் சிந்துஜா சிரிக்கும் சத்தம். சிங்காரம் துண்டால் கண்ணைத் துடைத்துக்கொண்டார். நிஜமான கண்ணீர்தான், நான் பார்த்தேன்.

“அதுக்கென்ன சம்பந்தி! ஒங்க அக்காவுக்கும் ஒன்னு அனுப்பிடறேன்!” என்றவர், பாய்க்குக் காட்டிய அதே காயைப் படமெடுக்கக் கொல்லைக்கு ஓடினார்.

சிரிக்கிறீர்களா? எங்களிடமாவது மரம் என்று ஒன்று இருக்கிறது. போன முகூர்த்தத்தில் பந்தியில் பக்கத்தில் உட்கார்ந்தவரிடம், “ஒருநாள் குடும்பத்தோட வாங்க, நம்ம வூட்லதான் சாப்பாடு” என்று கையைப் பிடித்துச் சொன்னீர்களே, எந்த நாள் என்று சொன்னீர்களா? அவர் உங்களைப் போல இல்லை. நம்புகிற ரகம். இந்த ஞாயிற்றுக்கிழமை கிளம்பினாலும் கிளம்புவார்.