சகலையும் நூற்றிருபது பாக்காவ் விதைகளும்

உலகத்தில் யார் முன்னேறினாலும் பொறுத்துக்கொள்வேன். சகலை முன்னேறினால் மட்டும் எனக்குச் சோறு இறங்காது. (சகலை உள்ளவர்களுக்குப் புரியும். மற்றவர்கள் கொடுத்துவைத்தவர்கள்.)

நான் பத்து பாகாட் என்ற ஊரில் ஒரு துணித் தொழிற்சாலையில் சூப்பர்வைசர். என் மனைவி வசந்தியின் தங்கை புருஷன் குணா, பொந்தியானில் ஏர்கோன் பழுதுபார்ப்பவன். ஞாயிற்றுக்கிழமை தூண்டிலோடு சுற்றிக்கொண்டிருந்தவன், திடீரென்று கடலோரத்தில் பாக்காவ் மரம் நடும் குழுவில் சேர்ந்துவிட்டான். அலை கரையை அரிக்காமல் பிடித்துக்கொள்ளும் அலையாத்தி மரம்தான் அது. சில வருடங்களில் அவர்கள் நட்டது ஒரு குட்டிக் காடாகி, அதில் நீர்நாய்க் குடும்பம் ஒன்று குடிவந்தது. குணா அதைப் படம் பிடித்து மாமியாருக்கு அனுப்பினான். அன்றோடு என் நிம்மதி போயிற்று.

"பாருங்க மாப்பிள்ள, அம்மா குட்டிக்கு மீன் ஊட்டுது. நம்ம குணா இல்லன்னா அதுங்களுக்கு ஏது வீடு?"

மாமியாரைப் பல வருடங்களாக டாக்டரிடம் கூட்டிப்போவது நான். ஆனால் என்னை நம்பி ஓர் எலிகூடக் குடிவந்ததில்லை. (வந்தது. பொறி வைத்துப் பிடித்துவிட்டோம்.)

அடுத்த நடவுக்கு நானும் வருவதாக அறிவித்தேன்.

"ஏங்க, வீட்டு ரோஜாச் செடிக்கே நீங்க தண்ணி ஊத்துனதில்ல" என்றாள் வசந்தி.

கடல் உள்வாங்கியிருந்த காலை நேரம். மாமியார் குடை பிடித்து மடக்கு நாற்காலியில் உட்கார்ந்திருந்தார். எப்படி நட வேண்டும் என்று குணா ஒலிபெருக்கியில் விளக்க, கூட்டமே வாய் பார்த்தது. என்னால் சகிக்க முடியவில்லை. அவனுக்கு முதுகைக் காட்டிக்கொண்டு தூரத்துக் கப்பல்களை எண்ணினேன்.

பாக்காவ் விதை முருங்கைக்காய் போல நீளமானது. ஒரு முனை தடிமன், மறுமுனை பென்சில் சீவியதுபோல மெல்லிசு. கூரான முனைதானே மண்ணில் இறங்கும்? இதற்கு எதற்கு ஒலிபெருக்கி? சேற்றில் பாய்ந்து பாய்ந்து குத்திக்கொண்டே போனேன்.

"குணா, எத்தன ஆச்சு?"

"நாப்பதுண்ணே."

"எனக்கு நூத்தியிருவது" என்றேன், நாற்காலி வரை கேட்கும்படி.

பக்கத்துக் கம்பத்தில், அந்தக் கடலோரக் கிராமத்தில், வசிக்கும் மலாய்க்கார அம்மா ஒருவர் என் வரிசையைப் பார்த்துக்கொண்டே வந்து நின்றார். மரம் மரமாகப் போய் அந்த விதைகளைச் சேகரித்தவரே அவர்தான்.

"அலமாக். பாங், செமுவா தெர்பாலிக் லா" என்றார். அண்ணே, எல்லாமே தலைகீழ் என்று.

மெல்லிசு முனைதான் துளிர் விடும் பக்கமாம். நூற்றிருபது உயிர்களைத் தலைகீழாகப் புதைத்திருக்கிறேன்.

குணா ஓடிவந்தான். "அப்படியே விட்டா அழுகிடும்ணே. தண்ணி ஏறுறதுக்குள்ள எடுத்துரலாம்."

நானும் ஓட நினைத்தேன். இரண்டு காலும் தொடை வரை சேற்றில் இறங்கிவிட்டன. குணா பலகை போட்டு, அந்த அம்மாவோடு சேர்ந்து என்னை இழுத்தெடுத்தான். (வலது கால் சப்பாத்து இன்றுவரை கடலிடம்தான் இருக்கிறது.) பிறகு எல்லாரும் தங்கள் வரிசையை விட்டுவிட்டு என் வரிசைக்கு வந்தார்கள். மாமியாரும் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு இறங்கினார். கணுக்காலில் தண்ணீர் தொடும்போது கடைசி விதையைத் திருப்பி நட்டோம்.

குணா சிரித்திருந்தால் அவனை வெறுத்துவிட்டுப் போயிருப்பேன். அவன் எல்லாரிடமும் சொன்னான்: "அண்ணன் மேல தப்பில்ல. நாந்தான் சரியா சொல்லல."

எந்த முனை கீழே போக வேண்டும் என்று அவன் ஒலிபெருக்கியில் மூன்று முறை சொன்னதாக, கூட்டத்தில் நின்று கேட்ட வசந்தி திரும்பும்போது காரில் சொன்னாள். நல்லவனாக இருப்பதிலும் அவன் என்னை முந்திவிட்டான் என்பதுதான் சேற்றைவிட அதிகமாக ஒட்டிக்கொண்டது.

அந்த விதைகளில் பெரும்பாலானவை பிழைத்து, இப்போது என் உயரத்துக்கு நிற்கின்றன. ஆனாலும் குடும்பத்தில் எந்த விசேஷத்துக்குப் பந்தி போட்டாலும், மாமியார் பரிமாறுபவர்களிடம் சத்தமாகச் சொல்வார்: "பெரிய மாப்பிள்ளைக்கு எலைய நீங்களே போட்டு விடுங்க. அவருக்கு நுனி எதுன்னு தெரியாது."

பந்தியே சிரிக்கும். குணா மட்டும் குனிந்து சாப்பிடுவான். பாவி, இன்னும் ஒருமுறைகூடச் சிரிக்கவில்லை.