தயாளன் சாருக்கு ஒன்றரைப் பக்கம்

எனக்குப் பேய் பயமே கிடையாது என்று இருபத்துநான்கு வயது வரை ஊரெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தேன். அதற்குப் பிறகு அந்தப் பேச்சை எடுப்பதில்லை. எடுத்தால் என் மனைவி, வந்திருப்பவர்களுக்குக் காபியைக் கொடுத்துவிட்டு, "அந்தப் பழக் கம்பெனி கதையச் சொல்லட்டுமா?" என்று எதிரில் உட்கார்ந்துவிடுகிறாள். அவள் சொல்வதற்கு முன் நானே சொல்லிவிடுவது என் மானத்துக்குக் கொஞ்சம் நல்லது.

தமிழ் இலக்கியம் படித்துவிட்டுக் கடம்பத்தூரில் சும்மா இருந்த எனக்கு, கும்மிடிப்பூண்டி தொழிற்பேட்டையில் ஒரு பழ இறக்குமதிக் கம்பெனியில் எழுத்தர் வேலை கிடைத்தது. (பெயர் வேண்டாம். இன்னமும் ஆப்பிள் விற்றுக்கொண்டிருக்கிறார்கள்.) சுற்றிலும் இரும்பு உருக்கும் ஆலைகள். வெளியே காற்றே கொதிக்கும். எங்கள் கிடங்குக்குள் மட்டும் ஆண்டு முழுக்க மார்கழி. கடல் தாண்டி வந்த ஆப்பிளும் கிவியும் திராட்சையும் ஆறு குளிர் அறைகளில் பெட்டி பெட்டியாக அடுக்கிக் கிடக்கும்.

சேர்ந்த ஆறாவது மாதம் முதலாளியம்மா கூப்பிட்டார். கணவர் எதிராஜ் இறந்தபின் கம்பெனியைத் தனியாளாக நடத்திக்கொண்டிருந்தவர்.

"தம்பி, நமக்கு இருவத்தஞ்சாவது வருசம் வருது. கம்பெனி வரலாறு ஒரு புக்கா போடணும். நீதான் தமிழ் படிச்சவனாச்சே."

"எழுதிட்டு உங்ககிட்ட காட்டறேன் மேடம்."

"வேணாம்பா. பழசெல்லாம் படிச்சா எனக்கு அழுகை வரும். மேடையில பாத்துக்கறேன்."

அந்த ஒரு வாக்கியத்தில்தான் என் தலையெழுத்து கோணலானது.

ஆரம்பக் கதை எல்லோருக்கும் தெரிந்திருந்தது. எதிராஜும் அவருடைய நண்பர் தயாளனும், துறைமுகத்தில் யாரும் எடுக்காமல் கிடந்த ஒரு கன்டெய்னர் ஆப்பிளை எடுத்திருக்கிறார்கள். பாதி அழுகல். இருவரும் வேட்டியை மடித்துக்கட்டி, ஒவ்வொரு பழமாக முகர்ந்து பார்த்துப் பிரித்து, மிச்சத்தைக் கோயம்பேட்டில் விற்றுத் தொடங்கிய வியாபாரம் இது. அலுவலகச் சுவரில் அந்த நாள் புகைப்படம் இருந்தது. எதிராஜ் சிரித்துக்கொண்டிருப்பார். தயாளன் மூக்கருகே ஓர் ஆப்பிளை வைத்துக்கொண்டு நேராக நம்மைப் பார்ப்பார். எங்கே நின்றாலும் பார்ப்பார்.

அவர் என்ன ஆனார் என்று மட்டும் யாரும் சொல்லவில்லை. குளிர் அறைகளைப் பார்த்துக்கொள்ளும் மேஸ்திரி தேவசகாயத்தைப் பிடித்தேன். அவர் ஆரணிப் பக்கத்துக்காரர். பேசும்போது குரலைத் தாழ்த்திக்கொள்வார்.

"தயாளன் சாரா? அவரு போய்ட்டாரு நைனா."

"எப்போ?"

"ஆச்சு, பத்து பன்னெண்டு வருசம். நாலாம் நம்பர் ரூம்லதான். ரெண்டு பேரும் உள்ள போனாங்கோ. உள்ள இன்னா நடந்துச்சின்னு கடவுளுக்குத்தான் தெரியும். எதிராஜ் சார் மட்டும் நின்னுக்கினு இருந்தாரு. மூஞ்சி அப்படியே வெள்ளையா பூடுச்சி. அத்தோட சரி, தயாளன் சார இந்தக் கம்பெனி பாக்கல."

"மேடத்துக்கிட்ட கேக்கலாமா?"

"ஐய, அந்தப் பேரே எடுக்காத. அன்னிக்கு முழுக்க சோறு திங்க மாட்டாங்கோ."

நான் வேறு எதையும் விசாரிக்கவில்லை. (விசாரிப்பது வரலாற்று ஆசிரியனின் வேலை. நான் இலக்கிய மாணவன்.) 'பணியின்போதே மறைந்த தயாளன்' என்று அரைப் பக்கம் உருக்கமாக எழுதி முடித்தேன்.

விழாவுக்கு நான்கு நாள் இருக்கும்போது, புத்தகத்தின் பின்னட்டைக்குக் குளிர் அறையைப் படம் எடுக்கப் போனேன். நடுப்பகல். வெளியே கண் கூசும் வெயில். மற்ற அறைகளில் ஏற்றிறக்கம் நடந்துகொண்டிருந்ததால் நாலாம் நம்பர்தான் கிடைத்தது. கனத்த கதவை இழுத்து, பிளாஸ்டிக் திரையை விலக்கி உள்ளே போனேன். கதவு பின்னால் தானாக மூடிக்கொண்டது. மேலே காற்றாடிகள் ஊமைபோல ஒரே சுரத்தில் முனகின. கூரை வரை பெட்டிகள். நடுவில் ஓர் ஆள் போகும் சந்து.

தேவசகாயம் ஒருமுறை சொன்னது அப்போது பார்த்து நினைவுக்கு வந்தது: "பறிச்சிட்டா செத்துப்போச்சின்னு நெனைக்காத நைனா. ஆப்பிளு மூச்சு உட்டுக்கினேதான் இருக்கும்." அத்தனை ஆயிரம் பழங்களும் பெட்டிக்குள் இருட்டில் மூச்சு விட்டுக்கொண்டிருக்கின்றன, அதற்கு நடுவில் நானும் விட்டுக்கொண்டிருக்கிறேன் என்று தோன்றியது. செல்போனைத் தூக்கினேன்.

மின்சாரம் போனது.

காற்றாடிகள் ஒவ்வொன்றாக நின்றன. அதற்கப்புறம் வந்த அமைதி இருக்கிறதே, அது காதுக்குள் விரல் விட்டது. ஜெனரேட்டர் ஓட அரை நிமிடம் ஆகும். அந்த அரை நிமிடத்தில், சந்தின் கடைசியிலிருந்து யாரோ ஆழமாக மூச்சை உள்ளிழுக்கும் சத்தம் கேட்டது. பிறகு மெதுவாக விடும் சத்தம்.

விளக்கு எரிந்தது. புகைபோன்ற குளிருக்கு நடுவில் ஒருவர் நின்றிருந்தார். தலை முழுக்க நரை. கையில் ஓர் ஆப்பிள், மூக்கருகே. நேராக என்னைப் பார்த்தார். சுவரில் தினமும் பார்க்கும் அதே பார்வை.

"நீதான் கம்பெனி கதை எழுதுறவனா?"

நான் தலையாட்டினேன்.

"என்னப் பத்தி எழுதிகீறியா?"

"எ... எழுதிட்டேன்."

"எத்தினி பக்கம்?"

"அரை."

அவர் ஆப்பிளைத் திரும்பப் பெட்டியில் வைத்தார். "அரைப் பக்கந்தானா நானு?" என்றார். அந்தக் குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியாததாக இருந்தது. பக்கத்தில் வந்து என் தோளைத் தொட்டார். சட்டையைத் தாண்டிப் பனிக்கட்டியாகச் சுட்டது அந்தக் கை.

அப்புறம் நடந்ததில் எனக்குத் தெரிந்தது இவ்வளவுதான்: கிவிப் பெட்டிகள் சரிந்தன, கதவு திறந்தது, நான் வெயிலில் ஓடினேன். தொழிற்பேட்டையிலிருந்து ரயில் நிலையம் வரை ஓடினேன். செருப்பு ஒன்று இன்றும் அங்கே எங்கோ கிடக்கிறது.

இரண்டு நாள் காய்ச்சல். கண்ணை மூடினால் "அரைப் பக்கந்தானா நானு?" என்று கேட்டது. மூன்றாம் நாள் எனக்கு ஒரு தெளிவு பிறந்தது. ஆவிக்குக் குறை பக்க எண்ணிக்கையில்தான், என்மேல் இல்லை! அச்சகத்துக்கு ஓடி அரைப் பக்கத்தை ஒன்றரைப் பக்கம் ஆக்கினேன். அத்துடன் விட்டேனா? சுவர்ப் படத்திலிருந்து தயாளன் முகத்தை மட்டும் பெரிதாக்கி, சட்டம் போட்டு, சம்பங்கி மாலைக்குச் சொல்லி, நிகழ்ச்சி நிரலில் ஒரு நிமிட மௌன அஞ்சலியும் சேர்த்தேன். இதைவிட ஓர் ஆவி என்ன கேட்கும்?

விழா அன்று காலை கம்பெனி வளாகத்தில் பந்தல். மேடையில் துணி போர்த்திய படம். வரவேற்றுவிட்டு நான் மைக்கில் கம்மிய குரலில் சொன்னேன்: "இந்நிறுவனத்துக்காகவே உயிர் நீத்த நம் அன்புக்குரியவருக்கு ஒரு நிமிடம் எழுந்து நின்று அஞ்சலி செலுத்துவோம்." எல்லோரும் எழுந்து தலை குனிந்தார்கள். எதிராஜுக்கென்று நினைத்து முதலாளியம்மாவும் கண்ணை மூடினார். நான் துணியை விலக்கினேன்.

எல்லோரும் கண்ணை மூடியிருக்க, நான் மட்டும் திறந்திருந்தேன். அதனால் நான் மட்டும் பார்த்தேன். பந்தலின் கடைசியில், வெயில் விழும் இடத்தில், தயாளன் வந்து நின்றார். வெள்ளை வேட்டி, வெள்ளைச் சட்டை. அவரும் கைகட்டித் தலை குனிந்து கண்ணை மூடிக்கொண்டார். தன்னுடைய அஞ்சலிக்குத் தானே.

கையெடுத்துக் கும்பிட்டேன். என் வாய்க்கு முன்னால் மைக் இருப்பது எனக்கு மறந்துபோனது.

"ஐயா! ஒன்றரைப் பக்கம் ஆக்கிட்டேன் ஐயா! மாலையும் போட்டுட்டேன்! போயிடுங்க ஐயா!"

நான்கு ஒலிபெருக்கிகளில் அது தொழிற்பேட்டை முழுக்கக் கேட்டது. பந்தலே திரும்பிப் பார்த்தது. பெட்டி கட்டும் கஸ்தூரி அக்கா, "ஐயோ, தயாளன் சாரு ஆவி!" என்று அலறி, பின்னாலிருந்த நாற்காலிமேல் சாய்ந்தார். அவரைப் பார்த்து இன்னும் நாலு பேர் சாய்ந்தார்கள்.

தயாளன் மட்டும் கண்ணைத் திறந்து, நிதானமாக நடந்து வந்து, மேடையிலிருந்த தன் முகத்தைப் பார்த்தார். மாலையைத் தொட்டுப் பார்த்தார்.

"இன்னாடா இது?"

தேவசகாயம் தலையில் கைவைத்துக்கொண்டு ஓடிவந்தார். "நைனா! போய்ட்டாருன்னா, வேலைய உட்டுப் போய்ட்டாருன்னு சொன்னேன்டா! செத்துப் போய்ட்டாருன்னா சொன்னேன்?"

விஷயம் அப்போதுதான் வெளியே வந்தது. நாலாம் நம்பர் அறையில் ஒருநாள் மின்சாரம் போய், ஜெனரேட்டரில் டீசல் இல்லாமல், அறை நிறைய இருந்த திராட்சை கெட்டுப்போயிருக்கிறது. யார் தவறு என்பதில் நண்பர்கள் இருவரும் சொல்லக் கூடாததைச் சொல்லிக்கொண்டு பிரிந்துவிட்டார்கள். தயாளன் சூளூர்பேட்டைப் பக்கம் போய் மாந்தோப்பு வைத்துக்கொண்டார். வெள்ளி விழாவுக்கு அம்மாதான் ரகசியமாக அழைத்திருக்கிறார். வரலாமா வேண்டாமா என்று முடிவுசெய்ய, அம்மா இல்லாத நேரம் பார்த்து அந்த அறைக்கு ஒருமுறை வந்து நின்றிருக்கிறார். தேவசகாயம்தான் கதவைத் திறந்துவிட்டிருக்கிறார்.

பன்னிரண்டு வருடம் கழித்து வந்தவருக்கு நான் கொடுத்த வரவேற்பு அந்த மாலை. திரும்பிப் போய்விடுவார் என்றே எல்லோரும் நினைத்தோம். அம்மாவின் முகத்தில் ரத்தமே இல்லை.

"அண்ணே, மன்னிச்சிடுங்க. எனக்கு சத்தியமா தெரியாது" என்றார்.

தயாளன், "எதிராஜுக்குன்னு நெனச்சிதாம்மா நின்னேன்" என்றார். "அவன் சாவு அன்னிக்கு வீட்டு கேட்டு வரைக்கும் வந்தேன். உள்ள வர மொகம் இல்ல, அப்படியே திரும்பிட்டேன். இன்னிக்காவது நின்னுட்டுப் போலாம்னு..."

அம்மா அவர் கையைப் பிடித்துக்கொண்டார். இருவரும் அழுதார்கள். நானும் அழுதேன். (என் காரணம் வேறு. வேலை போகப்போகிறது.)

கண்ணைத் துடைத்துக்கொண்டு அவர் புத்தகத்தைக் கேட்டு வாங்கி, ஒன்றரைப் பக்கத்தையும் நின்றபடியே படித்தார். "பரவால்லயே, செத்தப்புறம் நல்லவனாத்தான் இருந்துகீறேன்" என்றார். முதலில் சிரித்தது அம்மாதான்.

வேலை போகவில்லை. தண்டனையாக, புத்தகம் முழுக்க 'மறைந்த' என்ற சொல் வந்த இடங்களில் ஆப்பிளில் ஒட்டும் குட்டி ஸ்டிக்கரை ஒட்டவைத்தார்கள். இன்றும் அந்தப் புத்தகத்தில் தயாளன் பெயருக்கு முன்னால் ஒரு சிவப்பு ஸ்டிக்கர் மின்னும்.

அதிலிருந்து வருடா வருடம் சித்திரையில் எங்கள் வீட்டுக்கு ஒரு பெட்டி மாம்பழம் வருகிறது. அனுப்புநர் என்ற இடத்தில் நடுங்கும் கையெழுத்தில் 'மறைந்த தயாளன்' என்று இருக்கும். போன வருடம் நாங்கள் வெளியே போயிருந்தபோது, கீழ்வீட்டுக்குப் புதிதாகக் குடிவந்த அம்மாள் அந்தப் பெட்டியை வாங்கி வைத்திருக்கிறார். நாங்கள் திரும்பியபோது பெட்டி படிக்கட்டில் இருந்தது. மேலே ஓர் எலுமிச்சம்பழம், குங்குமத்தோடு. அந்த அம்மாள் கதவிடுக்கு வழியாகப் பார்த்துக்கொண்டிருந்தார்.

நான் விளக்கம் சொல்ல வாயைத் திறப்பதற்குள் என் ஆறு வயது மகள் முந்திக்கொண்டாள்.

"அது செத்துப்போன தாத்தா அனுப்புனது ஆன்ட்டி. ஞாயித்துக்கிழம எங்க வீட்டுக்கு சாப்பிட வராரு. நீங்களும் வாங்க."