ரைட்டருக்குப் புரையேறியது

நூற்றுப் பன்னிரண்டு பேரில் முதல் அறுபது பேர் காப்பியில் நனைந்துவிட்டார்கள். மீதிப் பேர் மேல் துளி தெறித்திருந்தது. ரைட்டர் லூர்துராஜ் துண்டை எடுத்துப் பெயர்ப் பதிவேட்டை ஒற்றப்போக, நீல மை இழுத்துக்கொண்டு போய் வெள்ளையனும் பாவாயியும் ஒரே ஆளாகிவிட்டார்கள்.

"சிரிக்கிறதுன்னா காப்பியை முழுங்கிட்டுச் சிரிக்கோணும்ங்க," என்றாள் அவர் மனைவி செல்வமேரி.

"ஆரு சிரிச்சா? புரையேறிருச்சு."

எதிரே உட்கார்ந்திருந்த ஏழு வயது மகள் அமலி அப்பாவின் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்தாள். அவள் சொன்ன கதைதான் இதற்கெல்லாம் காரணம். அச்சில் ஏற்றக் கூசுகிற கதை. ஆனால் அதை ஏற்றாமல் மேலே நகர முடியாது.

"சேலத்துல இருந்து ஏற்காட்டுக்கு பஸ் வந்துச்சுங்கப்பா. பதினாலாவது வளைவுல வண்டி மேல ஏறவே மாட்டீங்குது. டிரைவர் எல்லாத்தையும் எறங்கித் தள்ளச் சொன்னாரு. ஒரு தாத்தா மட்டும் எறங்கலை. உக்காந்த எடத்துலயே ஒரு குசு உட்டாரு. பஸ் நேரா ஏற்காடு வந்துதானுங்க நின்னுச்சு."

பதினாலாவது கொண்டை ஊசி வளைவில் லூர்துராஜே இரண்டு முறை இறங்கி பஸ் தள்ளியிருக்கிறார். அதனால்தான் காப்பி அவ்வளவு தூரம் தெறித்தது.

கொட்டச்சேட்டுப் பக்கம் ஒரு காப்பி எஸ்டேட்டில் அவர் ரைட்டர். காலை ஆறரைக்கு ஆட்களை வரிசையில் நிறுத்திப் பெயர் கூப்பிட்டு, யார் எந்தக் காட்டில் பழம் பறிப்பது என்று பிரித்து அனுப்புவது அவர் வேலை. ரைட்டர் ஒரு நாள் சிரித்தால் மறுநாள் ஆட்கள் ஏழு மணிக்குத்தான் வருவார்கள் என்பது அவருடைய நம்பிக்கை. அதனால் பதினோரு வருஷமாக அவர் சிரிக்கவில்லை. அந்தப் பழக்கம் வீட்டுக்கும் வந்துவிட்டது. மகளிடம் பேசுவதுகூடப் பெயர் கூப்பிடுகிற மாதிரிதான் இருக்கும்.

"சாப்புட்டியா?"

"சாப்புட்டனுங்க."

"படிச்சியா?"

"படிச்சனுங்க."

அதோடு சரி. இப்போது நூற்றுப் பன்னிரண்டு பெயர்களையும் முதலிலிருந்து எழுத வேண்டும் என்ற எரிச்சலில் அவர் சட்டம் போட்டார்.

"அமலி. இனிமே அந்த வார்த்தை இந்த ஊட்டுல கேக்கப்படாது. வெளியிலயும் பேசப்படாது. தெரிஞ்சுதா?"

"சரிங்கப்பா," என்றாள் அமலி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை. அந்த வார்த்தையை அவள் சொல்லவில்லை. எதற்கு வம்பு என்று மற்ற வார்த்தைகளையும் சேர்த்து நிறுத்திவிட்டாள். நாலு நாள் வீடு சத்தமில்லாமல் இருந்தது. லூர்துராஜுக்குத் தன் நிர்வாகத் திறமையில் திருப்தி. ஐந்தாம் நாள் காலையில் அமலி எழுந்திருக்கவில்லை. வயிறு பறை மாதிரி உப்பியிருந்தது.

தூக்கிக்கொண்டு எஸ்டேட் டிஸ்பென்சரிக்கு ஓடினார். அங்கே வராந்தாவில் பழம் பறிக்கிற ஆட்கள் பத்துப் பேர் இருமலுக்கும் சேற்றுப்புண்ணுக்கும் மருந்து வாங்க உட்கார்ந்திருந்தார்கள். ரைட்டரைப் பார்த்ததும் எழுந்து வழி விட்டார்கள்.

கம்பவுண்டர் வயிற்றைத் தட்டிப் பார்த்தார். "எத்தனை நாளா வவுறு வலிக்குது கண்ணு?"

"ரெண்டு நாளாங்க."

"அப்பாகிட்ட ஏன் சொல்லலை?"

அமலி அப்பாவைப் பார்த்தாள்.

"சரி, காத்துப் பிரியுதா?"

மறுபடியும் அப்பாவைப் பார்த்தாள். வாயை இறுக மூடிக்கொண்டாள். கம்பவுண்டர் மூன்று தரம் கேட்டார். மூன்று தரமும் அவள் அப்பாவையே பார்த்தாள்.

"ஏனுங்க ரைட்டரே, ரெண்டு நாளா காத்துப் பிரியலைன்னா கொடல் சுத்திக்கிட்டிருக்கும்ங்க. நான் கையை வெக்க மாட்டேன். ஜீப்பு சொல்லுங்க, சேலம் பெரியாஸ்பத்திரிக்குக் கொண்டுபோயிருங்க. வவுத்தைக் கிழிச்சுத்தான் பாப்பாங்க."

லூர்துராஜ் மகள் முன்னால் மண்டியிட்டு உட்கார்ந்தார்.

"சாமி, டாக்டர் கேக்கறாரு பாரு. சொல்லு."

"அதைப் பேசப்படாதுன்னீங்களே."

"இப்பப் பேசலாம்."

"எதைங்கப்பா பேசலாம்?"

"அதேதான் சாமி. அந்த வார்த்தை."

"எந்த வார்த்தைங்க? தப்பா ஏதாச்சும் சொல்லிட்டா வெய்வீங்க."

ஒரு உயிர் ஊசலாடும்போது மனுஷனுக்கு மானம் ஏது. லூர்துராஜ் காலையில் பெயர் கூப்பிடுகிற அதே குரலில் கேட்டார். "குசு. உனக்குக் குசு வருதா இல்லையா? சொல்லித் தொலை கண்ணு."

வராந்தாவில் இருமல் நின்றது.

"நொம்ப வருதுங்கப்பா," என்றாள் அமலி. அவள் முகத்தில் நாலு நாள் பாரம் இறங்கியது. "நேத்து சாயங்காலத்துல இருந்து நிக்காம வருதுங்க."

கம்பவுண்டர் ஓமத் தண்ணீரைக் குடிக்கக் கொடுத்தார். அரை மணி நேரத்தில் வயிறு வடிந்தது. வராந்தாவில் இருந்தவர்கள் மட்டும் மருந்து வாங்கிய பிறகும் கிளம்பவில்லை.

மறுநாள் காலை. பனி மூட்டத்தில் பத்தடிக்கு அப்பால் ஆள் தெரியவில்லை. லூர்துராஜ் பெயர் கூப்பிட்டார்.

"அங்கப்பன்."

"உள்ளேனுங்க."

"ஆராயி."

"உள்ளேனுங்க."

"வெள்ளையன்."

பனிக்குள்ளிருந்து ஒரு நீண்ட சத்தம் வந்தது. வாயால் போட்டதா, கையை அக்குளில் வைத்துப் போட்டதா தெரியவில்லை. பெண்கள் வரிசை முழுக்க முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டது.

"ஆருடா அது?"

"ஆரும் இல்லீங்க ரைட்டரே," என்றான் வெள்ளையன் பணிவாக. "காத்துங்க."

அன்று ஆட்கள் காட்டுக்குப் போகும்போது மணி ஏழு. அவருடைய நம்பிக்கை சரிதான். அதில் அவருக்கு ஒரு சந்தோஷமும் இல்லை.

வீட்டுக்கு வந்து செல்வமேரியிடம் பொரிந்து தள்ளினார். அவள் பாதிதான் கேட்டாள். முருங்கைக்கீரை ஆய்ந்துகொண்டிருந்தவள் முறத்தைக் கீழே வைத்தாள்.

"ஆளுங்க சிரிச்சா சிரிச்சுட்டுப் போறாங்க. நான் ஒண்ணு கேக்கறேன். இன்னைக்கு வவுத்து வலியை மறைச்சுட்டா. நாளைக்குப் பெரியவளாகி பஸ்ஸுல போறப்ப எவனோ கையை வெச்சான்னு வையுங்க. அதுவும் பேசக்கூடாத பேச்சுன்னு நெனச்சுட்டு இவ வாயைத் தொறக்கலைன்னா என்னங்க பண்ணுவீங்க?"

லூர்துராஜுக்கு நிஜமாகவே பயம் வந்தது. ஜீப் சொல்லுங்கள் என்று கம்பவுண்டர் சொன்னபோது வந்ததைவிடப் பெரிய பயம். இந்தப் பிள்ளை தன்னிடம் எதையும் சொல்லாமல் வளர்ந்துவிடும் என்பதை அவரால் நினைத்துப் பார்க்க முடியவில்லை.

"அதுக்காக ஊரெல்லாம் பேசச் சொல்றியா?"

"ஊர்ல எதுக்கு? உங்ககிட்டப் பேசட்டும். நேரம் வெச்சுக் கேளுங்க. மூஞ்சியைத் தூக்கி வெச்சுக்காம கேளுங்க."

நேரம் வைப்பது அவருக்குக் கைவந்த வேலை. அன்றே உத்தரவு பிறந்தது. தினமும் சாயங்காலம் ஐந்து மணிக்கு ஒரே ஒரு கதை. அப்பாவிடம் மட்டும். அதுவும் காதோடு. வேறு எங்கேயும், வேறு யாரிடமும் கிடையாது.

"சரிங்கப்பா," என்றாள் அமலி.

சொன்ன சொல்லைக் காப்பாற்றுகிற பிள்ளை என்று முன்பே சொன்னேன். ஐந்து அடித்தால் வந்து நிற்பாள். ஒரு நாள் தவளை, ஒரு நாள் போலீஸ்காரர், ஒரு நாள் கல்யாண மாப்பிள்ளை. எல்லாருக்கும் வயிற்றுக் கோளாறு. லூர்துராஜ் உதட்டைக் கடித்துக்கொண்டு கேட்பார். தோள் குலுங்கும்.

"சிரிச்சீங்களா அப்பா?"

"இல்லை சாமி. சளி."

ஆனால் கதை முடிந்ததும் அவள் போய்விடுவதில்லை. பள்ளிக்கூடத்தில் யார் யாரைக் கிள்ளினார்கள், மழையில் எந்தப் பாலம் மூழ்கியது என்று எல்லாம் வரும். லூர்துராஜும் அந்தப் பாலத்தில் தன் செருப்பைத் தண்ணீர் அடித்துக்கொண்டு போன கதையைச் சொன்னார். ஐந்து மணிக் கதை ஐந்தே முக்கால் வரை போனது. கசப்பு மருந்துக்குப் பிறகு தருகிற சர்க்கரை இது என்று அவர் நினைத்துக்கொண்டார். இந்த அசிங்கத்தைச் சகித்துக்கொண்டால்தான் மற்றது கிடைக்கிறது. நல்ல தகப்பன் சகித்துக்கொள்ள வேண்டியதுதான்.

பத்தாம் நாள் எஸ்டேட் முதலாளி சேலத்திலிருந்து வந்தார். பழத்தின் தோலுரிக்கிற மிஷின் நின்றுபோய், மூன்று நாள் பறித்த பழம் முழுக்க ஆபீஸ் வாசலில் குவியலாகக் கிடந்து புளித்துக்கொண்டிருந்தது. முதலாளி மூக்கைப் பொத்திக்கொண்டு அதைச் சுற்றி வந்தார். அவருக்கு அழுகை வராத குறை.

"எங்கய்யா காலத்துல இருந்து இப்புடி ஆனதில்லை லூர்துராஜு. பெத்த புள்ளை மாதிரி வளர்த்த செடி."

"ஆமாங்க ஐயா," என்றார் லூர்துராஜ். அவருக்கும் மனசு கனத்துத்தான் இருந்தது.

ஆபீஸ் கடிகாரத்தில் ஐந்து அடித்தது. அமலி வந்தாள். முதலாளிக்குக் கும்பிடு போட்டுவிட்டு அப்பாவின் சட்டையை இழுத்தாள். அவர் கையால் சைகை காட்டிப் பார்த்தார். நேரத்தைத் தவறவிடக் கூடாது என்று அவர்தான் சொல்லியிருக்கிறார். அவள் எம்பி, அவர் தோளைப் பிடித்து இழுத்துக் காதில் சொன்னாள். இரண்டே வரிக் கதை. அதில் ஒரு முதலாளியும் வந்தார்.

அதே நேரம் உண்மையான முதலாளி ஒரு பெருமூச்சு விட்டுச் சொன்னார். "நாத்தம் தாங்க முடியலைப்பா. இது எங்க இருந்துதான் வருதோ."

பதினோரு வருஷம் அடக்கி வைத்தது எல்லாம் ஒரேயடியாக வெளியே வந்தது. லூர்துராஜ் வாசல் தூணைப் பிடித்துக்கொண்டார். கண்ணில் தண்ணீர் கொட்டியது. முதலாளி அவரை மேலும் கீழும் பார்த்தார்.

"எம் பழம் அழுகுது, உனக்குச் சிரிப்பா?"

"இல்லீங்க ஐயா. புரையேறிருச்சுங்க."

"ஒண்ணுமே குடிக்காம எப்புடிப்பா புரையேறும்?"

அடுத்த வாரம் வந்து பேசிக்கொள்கிறேன் என்று சொல்லிவிட்டு முதலாளி ஜீப்பில் ஏறினார்.

லூர்துராஜ் அன்று இரவு முழுக்க யோசித்தார். மகளின் வாயை மூடவும் கூடாது, மூடாமலும் இருக்க முடியாது. அப்படியென்றால் இது எங்கிருந்து வருகிறதோ அங்கே போய் அடைக்க வேண்டும். இவ்வளவும் பள்ளிக்கூடத்தில்தான் விளைகிறது. அங்கே இவள் என்னென்ன பேசி வைத்திருக்கிறாளோ. கெட்ட பிள்ளை என்று பெயர் எடுத்துவிட்டால் அந்தப் பெயர் கல்யாணம் வரை கூட வரும்.

மறுநாள் மத்தியானம் போனார். பிள்ளைகள் சாப்பிட்டு முடித்து வேலிக்கு வெளியே ஆடிக்கொண்டிருந்தார்கள். கலாவதி டீச்சர் வகுப்பில் நோட்டுத் திருத்திக்கொண்டிருந்தார். வாசலில் சத்துணவு ஆயா கண்ணாயி அண்டாவைத் தேங்காய் நாரால் தேய்த்துக்கொண்டிருந்தாள்.

"டீச்சர், மன்னிச்சுக்கோணும்," என்று ஆரம்பித்தார் லூர்துராஜ். "எங்க அமலி வகுப்புல பேசற பேச்சுக்கு நான் பொறுப்புங்க."

"அமலி என்னங்க பேசுனா?"

"அதான் டீச்சர். அந்த மாதிரிக் கதைங்க."

"எந்த மாதிரி?"

மறுபடியும் அதே இடத்தில் வந்து நின்றார். சுற்றிச் சுற்றிச் சொல்லிப் பார்த்தார். டீச்சருக்குப் புரியவில்லை. வேறு வழியில்லாமல் பதினாலாவது வளைவையும் தாத்தாவையும் முழுசாகச் சொன்னார். பஸ் ஏற்காட்டில் வந்து நின்றபோது அவருக்கே சிரிப்பு வந்து, இருமி மறைத்தார்.

டீச்சர் சிரிக்கவில்லை. சிவப்பு மைப் பேனாவை மூடி வைத்தார். "நம்ப அமலிங்களா? பசங்க அப்புடி ஏதாச்சும் பேசுனா, எந்திரிச்சு வந்து எம் பக்கத்துல உக்காந்துக்குவாளுங்க. இந்த வகுப்புலயே அவளாட்டம் அடக்கமான புள்ளை இல்லீங்க."

"அப்புறம் தெனமும் எனக்கு வந்து சொல்றாளே, அது எங்க இருந்துங்க வருது?"

டீச்சருக்குத் தெரியவில்லை. கண்ணாயி அண்டாவைக் கவிழ்த்து வைத்தாள். புடவையில் கையைத் துடைத்துக்கொண்டு நிமிர்ந்தாள்.

"எனக்குத் தெரியும்ங்க ரைட்டரே. உங்க பாப்பா தெனமும் ஒரு ஆரஞ்சுப் பழம் கொண்டாந்து அஞ்சாம் வகுப்புப் பசங்களுக்குக் குடுத்துட்டு, கதை ஒண்ணு கேட்டுக்கிட்டுப் போவுதுங்க. உனக்கு எதுக்கு கண்ணு இந்தக் கருமம்னு நானே ஒரு நாளு கேட்டுப்போட்டேன். மூக்கைச் சுளிச்சுக்கிட்டுச் சொல்லுச்சு: 'எனக்கு இதெல்லாம் சுத்தமாப் புடிக்காதுங்க ஆயா, எங்கப்பாவுக்குத்தான் நொம்ப இஷ்டம். வேண்டாம்னு சொல்லிட்டா அப்புறம் எங்கிட்டப் பேசறதையே உட்டுருவாரு, அதான் பொறுத்துக்கிட்டுப் போறேன்.'"