லோகேஸ்வரன் கற்றுக்கொடுத்த யூனிக்ஸ்

கணினி உதவிக்காரர் என்றொரு இனம் உண்டு. சிங்கப்பூர் எல்லையை ஒட்டிய ஸ்கூடாயில் தாமானுக்கு, அதாவது குடியிருப்புக்கு, ஒருவராவது தேறுவார். கட்டளை தட்டி ஓட்டும் யூனிக்ஸ் கணினி முறையைக் கற்க வேண்டும் என்று யாராவது முனகினால் போதும், அழைக்காமலே வந்து நிற்பார். வந்ததும் முதல் வேலை என்ன தெரியுமா? கற்க வந்தவரை நாற்காலியிலிருந்து எழுப்புவது.

நம் லோகேஸ்வரன் அந்த இனத்தின் தலைமகன். அடுத்த வீட்டுப் பிரேமலா தொழிற்சாலையில் கிராணி, அதாவது எழுத்தர். சிங்கப்பூரில் ஒரு கணினி வேலைக்கு மனுப் போட்டிருந்தாள். திங்கட்கிழமை யூனிக்ஸில் செய்முறைத் தேர்வு. தேறினால் இரவு ஷிப்டுக்கு ஒரு முழுக்கு.

"அண்ணே, நானே தட்டிப் பார்க்கட்டுமா?"

"அலமாக்! நீ எழுத்து எழுத்தா தேடுறதுக்குள்ள விடிஞ்சிரும் லா. கொஞ்சம் நகரு."

நகர்ந்தாள். அவர் அவளுடைய மடிக்கணினியில் இருந்ததையெல்லாம் அழித்து, யூனிக்ஸின் தம்பியான லினக்ஸை ஏற்றி, வேறு வகை லினக்ஸ் வைத்திருப்பவர்களையெல்லாம் மனதாரத் திட்டி, கருவிகளை இறக்கி, மேதைக்கு அழகு பச்சை எழுத்து என்று திரையைக் கறுப்பாக்கி முடிப்பதற்குள், அவளுக்குக் கிடைத்த பயிற்சி இரண்டு: கடவுச்சொல் கொடுப்பதும் அவருக்கு மைலோ பானம் கலக்குவதும்.

கடைசியில் ஓர் உபகாரம் வேறு.

"இந்தக் கட்டளையெல்லாம் வாயில நுழையாது. டீக்கடைப் பேரா லேசா வச்சிருக்கேன். ஃபைல் பட்டியல் வேணுமா, தேதாரிக்னு தட்டு. ஃபைலுக்குள்ள சொல் தேடணுமா, ரொட்டின்னு தட்டு."

தட்டினாள், வந்தது. பெருமை தாங்கவில்லை. இரவும் பகலும் தட்டித் தட்டி மனப்பாடம் செய்தாள். அவை அந்த ஒரு கணினிக்கு மட்டும் அவர் எழுதிவைத்த சொந்தச் சரக்கு என்று சொன்னாரா? மூச்சுவிடவில்லை. சொன்னால் குரு பட்டம் என்னாவது?

திங்கட்கிழமை, தேர்வாளர் ஒரு கோப்பைக் காட்டிப் பிழைகளைத் தேடச் சொன்னார். பிரேமலா நம்பிக்கையோடு ரொட்டி என்று தட்டினாள். அப்படியொரு கட்டளையே இல்லை என்றது கணினி. மறுபடியும் தட்டினாள். தேர்வாளர், அவரும் தமிழர்தான், தாழ்ந்த குரலில் கேட்டார்: "பசியாறாம வந்துட்டீங்களாம்மா?"

வேலை போயிற்று. திரும்பும் வழியில் எல்லைப் பாலத்து நெரிசலில் நின்ற பஸ்ஸில் உட்கார்ந்து அழுதாள். அவமானம் வேலை போனதைவிட அதிகமாகச் சுட்டது.

லோகேஸ்வரனோ அசரவில்லை. "அவங்க மெஷின்ல நம்ம செட்டிங் போடலையா? என்னா ஆளுங்க லா!"

"எனக்குத் தெரியாதுன்னுதானே உங்ககிட்ட கேட்டேன் அண்ணே. இப்பவும் எனக்குத் தெரியல. உங்களுக்குத்தான் நல்லாத் தெரியுது" என்று சொல்லிக் கதவைச் சாத்தினாள். ரொம்ப நன்றிகெட்ட பெண் என்று அவர் இன்றும் ஊரெல்லாம் சொல்லித் திரிகிறார்.

சிரிக்கிறீர்கள். நீங்கள் அந்த இனமில்லை, நல்லது. நேற்று உங்கள் அம்மாவுக்குக் கைப்பேசியில் படம் அனுப்பக் கற்றுக்கொடுத்தீர்களே, அனுப்பியது யாருடைய விரல்?